அடுப்பு மூட்டும் முன்பே மளிகை லிஸ்ட்

பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றை ஈஎஸ் மாட்யூலுக்கு (நிரலைத் தனித்தனி ஃபைலாகப் பிரித்து இணைக்க மொழியிலேயே உள்ள முறை) மாற்றும் வேலையில் முதல் அரைமணி நேரம் சுகமாகப் போகும். ரிக்வயர் என்று இருக்கும் இடத்தில் இம்போர்ட், மாட்யூல் டாட் எக்ஸ்போர்ட்ஸ் இருந்தால் எக்ஸ்போர்ட். எடிட்டரில் தேடி மாற்றினாலே பாதி முடிந்த மாதிரி இருக்கும். ஓட்டிப் பார்க்கும்போதுதான் தலைவலி தொடங்கும். எந்த ஃபைல் எப்போது படிக்கப்படுகிறது, எப்போது ஓடுகிறது என்ற கணக்கே மாறியிருக்கும்.

1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய மொழியில் மாட்யூல் என்பதே கிடையாது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 2009-ல் வந்தது; அதே ஆண்டு உருவான, ரிக்வயரை வைத்து ஃபைல்களை இணைக்கும் காமன்ஜேஎஸ் முறையை எடுத்துக்கொண்டது. மொழியின் இலக்கணத்தைத் தொடாமல் செய்த கெட்டிக்கார ஒட்டுவேலை அது. உங்கள் ஃபைலின் தலையிலும் வாலிலும் ஒரு வரி சேர்த்து, அதை ஐந்து பாராமீட்டர் வாங்கும் ஒரு ஃபங்ஷனாகப் பொட்டலம் கட்டி நோட் ஓட்டுகிறது. ரிக்வயர், மாட்யூல், எக்ஸ்போர்ட்ஸ், ஃபைல்நேம், டர்நேம் ஆகியவைதான் அந்த ஐந்து. மொழியோடு பிறந்தவை போலத் தெரிந்தாலும் வெளியிலிருந்து உள்ளே தள்ளப்பட்டவை. ஈஎஸ் மாட்யூலில் இந்தப் பொட்டலம் கிடையாது. ஃபைல் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் டர்நேம் திடீரென்று காணாமல் போவதற்கு அதுதான் காரணம்.

ரிக்வயர் சாதாரண ஃபங்ஷன் என்பதால் இஃப்புக்குள், லூப்புக்குள், எங்கே வேண்டுமானாலும் கூப்பிடலாம். தாளிக்கும்போது கடுகு இல்லையென்றால் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பையனைக் கடைக்கு அனுப்பும் வீட்டுச் சமையல் மாதிரி. நோடுக்குக் கடை பக்கத்திலேயே, டிஸ்க்கில் இருக்கிறது. பிரவுசருக்கோ நெட்வொர்க்கின் மறுமுனையில். நடுவழியில் காத்து நின்றால் பக்கமே உறைந்துவிடும்.

2015 ஜூனில் மொழியின் தரவரையறையில் சேர்ந்த மாட்யூல்கள் கல்யாணச் சமையல்காரரின் வழியில் போகின்றன: முதலில் லிஸ்ட். ஒரு வரியைக்கூட ஓட்டாமல் ஃபைலைப் படித்து, அதிலுள்ள இம்போர்ட்களைக் கண்டுபிடித்து, அந்த ஃபைல்களையும் கொண்டுவந்து, அவற்றின் இம்போர்ட்களையும் தேடி, கடைசிவரை போய்விடும். பிறகு எக்ஸ்போர்ட் ஆகும் ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, அதை இம்போர்ட் செய்பவர்களை அதே இடத்தோடு முடிச்சுப் போடும். அப்புறம்தான் அடியிலிருந்து மேலாக ஓட்டம். இல்லாத பெயரை இம்போர்ட் செய்தால் அடுப்பு மூட்டும் முன்பே பிழை வந்துவிடும். சாதா இம்போர்ட்டை இஃப்புக்குள் வைக்க முடியாததும் இதனால்தான்.

இந்த முடிச்சைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு ஃபைலில் 'எண்' என்ற மாறி, மதிப்பு 0. அதை ஒவ்வொன்றாக ஏற்றும் 'கூட்டு' என்ற ஃபங்ஷன். (ஜாவாஸ்கிரிப்டில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்.) காமன்ஜேஎஸ்ஸில் இரண்டையும் பிரித்து எடுத்துக்கொண்டு 'கூட்டு'வை மூன்று முறை அழைத்தாலும் உங்கள் கையிலிருக்கும் 'எண்' 0-தான், அது நகல். ஈஎஸ் மாட்யூலில் 3 காட்டும். ஆனால் வெளியிலிருந்து நீங்கள் அதை மாற்றப் போனால் பிழை. சோதனைகளில் ஒரு மாட்யூலின் ஃபங்ஷனைத் தற்காலிகமாக வேறொன்றால் மாற்றிவைக்கும் பழைய வித்தைகள் பல இங்கேதான் உடைகின்றன.

லைப்ரரி எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் பயனர்கள். ஈஎஸ் மாட்யூல், காமன்ஜேஎஸ் ஃபைலை இம்போர்ட் செய்யும். தலைகீழாக நெடுநாள் நடக்கவில்லை: ரிக்வயர் உடனே பதில் வேண்டும் என்று நிற்கும், ஈஎஸ் மாட்யூலோ மேல்மட்டத்திலேயே, அதாவது எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, அவெயிட் (பதில் வரும்வரை பொறு என்ற கட்டளை) போட்டுக் காத்திருக்கலாம். 2021-ல் நெட்வொர்க்கிலிருந்து தரவு எடுத்துத் தரும் நோட்-ஃபெட்ச் லைப்ரரி தன் 3-ஆம் பதிப்பை ஈஎஸ் மாட்யூலாக மட்டும் வெளியிட்டது. ரிக்வயரை விட முடியாதவர்கள் 2-ஆம் பதிப்பிலேயே தங்க வேண்டியதாயிற்று.

சரி, இரண்டு வடிவத்தையும் சேர்த்தே கொடுத்தால்? பலர் செய்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே நிரலில் ஒரு மூலை ரிக்வயர் வழியாகவும் இன்னொரு மூலை இம்போர்ட் வழியாகவும் அதே லைப்ரரியை எடுத்தால், நினைவகத்தில் இரண்டு பிரதிகள் உட்காரும். ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் ரேஷன் கார்டு மாதிரி. ஒரு பிரதியின் கிளாஸில் உருவான பொருளை மற்றதிடம் காட்டி 'இது உன்னுடையதா' என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் மூலம் கேட்டால், இல்லை என்று கைவிரிக்கும். இந்த மாதிரிப் பிழையைத் தேடி ஒரு நாள் முழுக்கத் தொலையும்.

2024 டிசம்பரில் வந்த நோட் 22.12 இந்த இழுபறியைப் பெருமளவு தளர்த்தியது. ஓட்டும்போது தனி ஃபிளாக் (கூடுதல் கட்டளைச் சொல்) எதுவும் கொடுக்காமலே ரிக்வயர் இப்போது ஈஎஸ் மாட்யூலையும் ஏற்றுகிறது. நிபந்தனை, மேல்மட்ட அவெயிட் இருக்கக் கூடாது. இம்போர்ட் சங்கிலியில் எங்கோ அடியில் ஒரே ஒரு ஃபைலில் இருந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். இப்போது லைப்ரரியை மாற்ற உட்காருகிறவர்கள் எடிட்டரில் முதலில் அந்த அவெயிட்டைத் தேடுங்கள். ரிக்வயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.