காம்போ: தமிழில் தொடரடி

சண்டை வீடியோ கேம் விளையாடத் தொடங்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'காம்போ'. அடிகள் விழ விழத் திரையின் ஓரத்தில் எண் ஏறுகிறதே, அதுதான். 'அடுத்தடுத்து விழும் பல அடிகள்' என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பொருள்தான். அடுத்தடுத்துப் பத்து அடி விழுந்தும் காம்போ ஆகாமல் போவது உண்டு. இரண்டே அடியில் காம்போ ஆவதும் உண்டு. முதல் அடி பட்டது முதல் கடைசி அடி படும்வரை எதிராளியால் தடுக்கவோ விலகவோ முடியக் கூடாது. அதுவே சண்டை கேம்களில் காம்போவின் இலக்கணம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'காம்' என்றால் கூட. 'பீனி' என்றால் இரண்டிரண்டாக. இவை சேர்ந்து பிறந்த வினையிலிருந்து ஆங்கிலத்தின் 'காம்பினேஷன்' வந்தது. அதன் சுருக்கமே காம்போ. வீடியோ கேம்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே சிறிய ஜாஸ் இசைக்குழுக்களை இப்படி அழைத்தார்கள். குத்துச்சண்டையில் இடக்கைக் குத்தையும் வலக்கைக் குத்தையும் இடைவிடாமல் கோத்துக் கொடுப்பதற்கு 'காம்பினேஷன்' என்றே பெயர். வீடியோ கேம் சொல்லுக்கு நெருங்கிய உறவு இந்தக் குத்துச்சண்டைச் சொல்தான்.

வீடியோ கேமில் இந்தப் பொருளை நிலைநிறுத்தியது 1991இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதற்கு முந்தைய 1987 ஆட்டத்தின் ஒரு வகை இயந்திரத்தில் குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய அழுத்துப் பட்டைகள் இருந்தன. எவ்வளவு வேகமாக அறைகிறோமோ அவ்வளவு வலிமையாக அடி விழும். கை ஓயும், துல்லியமும் கிடைக்காது. பிறகு நிலைத்தது ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்: குத்தில் மூன்று அளவு, உதையில் மூன்று அளவு. அடியின் வலிமை கைப்பலத்திலிருந்து விலகி, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துகிறோம் என்பதற்கு மாறியது. இந்த மாற்றம் இல்லாமல் காம்போ பிறந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

பிறந்த விதமும் சுவையானது. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. காரை உடைக்கும் கூடுதல் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிஸு, சரியான நேரத்தில் அழுத்தினால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இன்னோர் அடி நுழைவதைக் கவனித்தார். அத்தனை நுட்பமான நேரத்தைப் பிடித்து யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று எண்ணி, அதை நீக்காமல் மறைவான அம்சமாக விட்டுவிட்டார்கள். விளையாடியவர்கள் அதையே கலையாக வளர்த்தார்கள். 1993இல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அடிகளை எண்ணித் திரையில் காட்டியது, மதிப்பெண்ணும் கொடுத்தது.

உள்ளே என்ன நடக்கிறது? இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்களாக ஓடும். அடி வாங்கியவர் சில ஃபிரேம்கள் செயலற்று நிற்பார். இதைத் திகைப்பு நேரம் எனலாம். அடித்தவருக்கும் கையை மடக்கி நிலைக்குத் திரும்பச் சில ஃபிரேம்கள் தேவை, இது மீள்நேரம். அடித்தவர் எதிராளியைவிட 5 ஃபிரேம் முன்னதாக மீள்கிறார் என்றும், அவருடைய அடுத்த குத்து 4ஆவது ஃபிரேமில் படும் என்றும் வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்த அவருக்குக் கிடைப்பது 2 ஃபிரேம், அதாவது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. அதைத் தவறவிட்டால் எதிராளி தடுத்துவிடுவார். இது ஒரு வகை. இன்னொரு வகையில் மீள்நேரம் வரும்வரை காத்திருப்பதே இல்லை. குத்து பட்ட கணத்திலேயே கீழ், கீழ்முன், முன் என்று ஜாய்ஸ்டிக்கைச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினால், கை திரும்பும் அசைவு பாதியில் அறுந்து ஹடோகென் என்னும் ஆற்றல் பந்து புறப்படும். ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்குகிறது. நம் யாப்பில் இதற்கு அந்தாதி என்று பெயர்.

இந்தச் சிறு இடைவெளியை எவ்வளவு விரித்து வைப்பது என்பதில்தான் ஓர் ஆட்டத்தின் குணமே அடங்கியிருக்கிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' (2016), சற்று முந்தி அழுத்திய பொத்தானையும் நினைவில் வைத்துக்கொண்டு உரிய ஃபிரேமில் செயல்படுத்தியது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' (2023) ஒரே பொத்தானில் ஹடோகென் போன்ற சிறப்பு அடிகளைத் தரும் எளிய முறையையும் சேர்த்தது. அப்படி விடும் அடியின் சேதம் குறைவு. 'டெக்கன்' (1994) நான்கு பொத்தான்களையும் இரு கை, இரு காலுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்ததால் விரலும் உடலும் நேராக இணைந்தன. 'கில்லர் இன்ஸ்டிங்க்ட்' (1994) அடி வாங்குபவருக்கும் தப்பும் வழி வைத்தது. இது நியாயமான ஏற்பாடு. நீண்ட காம்போவில் சிக்கியவர் கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. பல ஆட்டங்களில் அடி நீள நீளச் சேதம் குறைந்துகொண்டே வருவதற்கும் இதுதான் காரணம்.

நேர் எதிர்த் துருவத்தில் நிற்பது 'டார்க் சோல்ஸ்' (2011). வாளை ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு வீச்சும் உடல்வலுவைக் கரைக்கும். அங்கே காம்போவைத் தேடும் கை தோற்கும், காத்திருக்கும் கை வெல்லும். இரண்டிலும் இருப்பது பொத்தான்தான். அதை அழுத்துகிறவரின் மனநிலைதான் முற்றிலும் வேறு.

இனித் தமிழ்ச் சொல். 'சேர்க்கை', 'கூட்டு' இரண்டும் வேரின் பொருளுக்கு நெருக்கமானவை. இரண்டு பொருள்களை ஒன்றாக விற்கும் காம்போவுக்கு அவை பொருந்தலாம், சண்டைக்குப் பொருந்தா. சேர்ந்து இருப்பதைச் சொல்கின்றனவே தவிர, இடைவெளி இல்லாமல் நகர்வதைச் சொல்லவில்லை. 'அடுக்கடி' அழகான சொல். ஆனால் வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு 'அடிக்கடி' என்று தெரியும். எழுத்துப்பிழை என்று யாராவது திருத்தியும்விடுவார்கள்.

நான் பரிந்துரைப்பது தொடரடி. தொடர்கதையைப் போல இதுவும் வினைத்தொகை: தொடர்ந்த அடி, தொடர்கின்ற அடி, தொடரும் அடி. பட்டுவிட்டதும், பட்டுக்கொண்டிருப்பதும், இனிப் படப்போவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. காம்போவை ஆடுபவரின் கவனமும் இந்த மூன்று காலங்களிலும் ஒருசேர இருக்கிறது. சொல் கிளைக்கவும் செய்யும்: எண்ணிக் காட்டும் பகுதி தொடரடி எண்ணி, நடுவே தப்பிப்பது தொடரடி முறிப்பு. 'நல்ல தொடரடி கொடுத்தான்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது.

எல்லா இடத்திலும் இதையே போட வேண்டாம். இசைக்கேற்பப் பொத்தானைத் தட்டும் தாள ஆட்டங்களில் ஒரு தட்டையும் தவறவிடாமல் தட்டிக்கொண்டே போவதையும், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸில் அடுத்தடுத்து வரிகளை நீக்குவதையும் காம்போ என்கிறார்கள். அங்கே அடியும் இல்லை, எதிராளியின் திகைப்பும் இல்லை. வெறும் 'தொடர்' என்றாலே விளங்கும்: 'ஐம்பது தட்டுத் தொடர்', 'நான்கு வரித் தொடர்'. 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' (2009) நடுவில் நிற்கும் விளிம்புநிலை. ஒரு பொத்தானால் ஒருவரை அடித்து, அடுத்தவரிடம் தாவி, நாம் அடி வாங்காத வரை எண் ஏறுகிறது. தனியொரு எதிராளியை அது கட்டிப்போடுவதில்லை. ஆனாலும் அடி இருக்கிறது, தொடர்ச்சி இருக்கிறது. அங்கும் தொடரடி என்றே எழுதுவேன்.