எம்டனை ஓட்டிய கரி

"அவன் பெரிய எம்டன்" என்று ஊரில் சொல்வோமே, அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸுக்கு எதிரே வந்து, அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தக் கதை பலருக்கும் தெரியும். எனக்குப் பெரிய வியப்பு வேறு: இந்தியப் பெருங்கடலில் ஒதுங்க ஒரு துறைமுகம்கூட இல்லாமல் இந்தக் குரூசர் (வேகமாக ஓடும் போர்க்கப்பல்) எப்படி இரண்டு மாதம் ஓடியது?

எல்லாம் கரிதான். 12 கொதிகலன்களிலும் நிலக்கரி எரியும். அதில் பிறக்கும் நீராவி முதலில் சின்ன உருளையைத் தள்ளும், மிச்ச அழுத்தத்தோடு அதைவிடப் பெரிய உருளைக்குப் போகும், அப்புறம் இன்னும் பெரியதற்கு. ஆக ஒரே நீராவி மூன்று முறை உழைக்கும். ஆனால் கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். கப்பலில் ஏற்ற முடிந்த கரியோ சுமார் 800 டன்தான். அதனால் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் பெரும்பாலும் மெதுவாகவே போனார், கரி ஏற்றி வரும் சரக்குக் கப்பல் சிக்கினால் மூழ்கடிக்காமல் கூடவே வைத்துக்கொண்டார். வெயிலில் மாலுமிகள் கரியைக் கையால் ஏற்றி, அறைகள் நிரம்பியதும் மேல்தளத்திலும் குவித்தார்கள்.

எந்தக் கரி என்பதும் முக்கியம். முதலில் கிடைத்தது வங்காளக் கரி. அதில் ஆவியாகும் பொருள் அதிகம், முழுதும் எரியாமல் கரும்புகையாக வெளியேறி, கப்பல் இருக்கும் இடத்தைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். பிறகு பிடிபட்ட ப்யூரெஸ்க் கப்பலில் இருந்தது வேல்ஸ் கரி. அது நல்ல சூட்டோடு எரியும், புகை குறைவு.

பூமி உருண்டை என்பதால் தொலைவில் வரும் கப்பலின் உடல் தெரியாது, புகைபோக்கிகளும் பாய்மரமும்தான் தெரியும். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. நான்காவதாக ஒரு பொய்க் குழாயை நிறுத்தினார்கள், பார்க்கிறவர்களுக்கு பிரிட்டிஷ் குரூசர் போலவே தோன்றியது.

நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில், தந்தி நிலையத்தை உடைக்க ஆட்கள் கரையேறியிருந்த நேரம், அடிவானில் புகை தெரிந்தது. கரி ஏற்ற வரச்சொல்லியிருந்த ப்யூரெஸ்க்தான் என்று முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். எம்டனின் பீரங்கி வாய் 105 மில்லிமீட்டர், சிட்னியுடையது 152. விட்டம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் குண்டின் எடை இரண்டரை மடங்குக்கு மேல். கரையில் இருந்தவர்களை விட்டுவிட்டே எம்டன் சண்டைக்குப் போனது, கடைசியில் முல்லரே அதை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார்.