மாத்திரையா, பேட்ச்சா? மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சையும் கல்லீரலும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கும் என் அக்காவுக்கும் மெனோபாஸுக்காக ஹார்மோன் சிகிச்சை நடக்கிறது. அக்காவுக்குத் தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். எனக்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச், கூடவே இரவில் ஒரு கேப்ஸ்யூல். அட்டையைப் பார்த்தால் அவள் மாத்திரையிலும் என் பேட்ச்சிலும் இருப்பது ஒரே எஸ்ட்ராடியோல். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேப்ஸ்யூல் ஏன் என்பதற்கு விடை கருப்பையில் இருக்கிறது. பேட்ச் ஏன் என்பதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. அதற்கு முன் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைப்பைகள் இருக்கின்றன. ஆயுளுக்கும் அதுதான் கையிருப்பு. பருவமடையும்போது சில லட்சங்கள் மிஞ்சும், ஐம்பது வயதை நெருங்கும்போது ஆயிரம் அளவுக்குக் குறைந்துவிடும். ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை இந்த முட்டைப்பைகளைச் சூழ்ந்திருக்கும் செல்கள்தான். அதன் முக்கிய வகைதான் அட்டையில் பார்த்த எஸ்ட்ராடியோல். எனவே கையிருப்பு தீரும்போது ஹார்மோனும் வற்றுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால் அது மெனோபாஸ். பெரும்பாலானவர்களுக்கு 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் இது நடக்கிறது.

அப்போது திடீரென்று முகமெல்லாம் தீப்பிடித்ததுபோல் எரிந்து, உடலெங்கும் வியர்த்துக் கொட்டுகிறதே, அந்த வெப்பத் தாக்குதல் மனப்பிரமை இல்லை. மூளையின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்புசெல் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தச் செல்கள் பெருத்து, நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறி வெளியிடுகின்றன. அவற்றின் இணைப்பு நேராக உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மையத்துக்குப் போகிறது. உடல் உண்மையில் சூடாகாதபோதே "சூடாகிவிட்டது, தணித்துவிடு" என்று அந்த மையம் உத்தரவு போடுகிறது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை பெருகுகிறது. "வயசானா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று சொல்பவர்களிடம் இந்த நரம்பு இணைப்பைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, குறைந்த ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுத்தால் போயிற்று என்று முதலில் நினைத்தார்கள். 1942-லேயே அமெரிக்காவில் இதற்கென ஒரு மாத்திரை அனுமதி பெற்றது. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை அது. பிரீமரின் என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளரச் சொல்லும் ஹார்மோன். இயல்பான மாதச் சுழற்சியில் அந்த வளர்ச்சியை நிறுத்தி முதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும். 1975-ல் வெளியான இரண்டு ஆய்வுகள், அப்படி எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று காட்டின. அன்று முதல் விதி எளிது. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் வேண்டும். அறுவை சிகிச்சையில் கருப்பையை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். வாசகியின் அக்காவுக்குக் கேப்ஸ்யூல் இல்லாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

புரோஜெஸ்டிரோன் வகையைத் தரும் விதங்கள் பல. மாதத்தில் 12 முதல் 14 நாட்கள் மட்டும் கொடுத்தால் மாதவிடாய் போல ரத்தப்போக்கு வரும். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்கு அது பொருந்தும். தினமும் கொடுத்தால் உட்சுவர் மெலிந்தே இருக்கும், சில மாதங்களில் ரத்தப்போக்கு நின்றுவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சுரக்கும் கருப்பைச் சாதனத்தை வைத்துவிட்டால் தனியாக எதையும் விழுங்க வேண்டியதில்லை. கேப்ஸ்யூலை இரவில் எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. புரோஜெஸ்டிரோனை உடல் சிதைக்கும்போது அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் உருவாகிறது. அது மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளைத் தூண்டி உறக்கம் வரவழைக்கும்.

இனி கல்லீரல்.

எஸ்ட்ராடியோல் மாத்திரை 1 அல்லது 2 மில்லிகிராம் இருக்கும். அதற்கு ஏறத்தாழ ஈடாக மருத்துவர்கள் கருதும் பேட்ச் ஒரு நாளைக்கு வெளிவிடுவது 50 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாத்திரையில் இருபது முதல் நாற்பது மடங்கு மருந்து இருக்கிறது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. மீதி எங்கே போகிறது?

குடல் உறிஞ்சுவதில் பெரும்பகுதி நேரடியாக உடலின் பொது ரத்த ஓட்டத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டாமல் எந்தச் சரக்கும் ஊருக்குள் நுழைய முடியாது என்பது போன்ற ஏற்பாடு. நாம் தின்பதில் நஞ்சு கலந்திருந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் போகுமுன் பிடித்துவிட வேண்டுமே. எஸ்ட்ராடியோலையும் குடற்சுவரும் கல்லீரலும் அப்படித்தான் நடத்துகின்றன. பெரும்பகுதியை ஈஸ்ட்ரோன் என்ற வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாற்றி, சல்ஃபேட்டையும் குளுக்குரோனைடையும் கோத்து நீரில் கரைய வைத்துவிடுகின்றன. விழுங்கியதில் 5 சதவீதம் அளவுக்குத்தான் எஸ்ட்ராடியோலாகவே ரத்தத்தை எட்டுகிறது. அதனால்தான் மாத்திரையில் அத்தனை மருந்தை அடைக்கிறார்கள்.

இதில் என்னை மயக்குவது அடுத்த படி. கல்லீரல் வெறும் சோதனை மட்டும் செய்யும் உறுப்பு இல்லை. அதன் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன, ஈஸ்ட்ரோஜனைக் கண்டால் அது செயலில் இறங்கும். மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளும், உடலின் மற்ற எந்த உறுப்பும் காணாத செறிவில் கல்லீரல் ஈஸ்ட்ரோஜனைக் காண்கிறது. இயற்கையில் அவ்வளவு ஈஸ்ட்ரோஜன் எப்போது வரும்? கர்ப்ப காலத்தில். கர்ப்பத்தில் கல்லீரல் செய்ய வேண்டிய முக்கியமான வேலைகளில் ஒன்று, பிரசவத்தின் ரத்தப்போக்குக்கு உடலைத் தயார்செய்வது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டும், உறைதலைத் தடுக்கும் புரதம் எஸ் போன்றவற்றைக் குறைக்கும். ஐம்பத்திரண்டு வயதில் மாத்திரை எடுக்கும் பெண்ணின் கல்லீரலும் சிறிய அளவில் அதே வேலையைச் செய்கிறது. வரப்போவது பிரசவம் இல்லை என்று அதற்குத் தெரிய வழியில்லை. விளைவாக, கால் சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் ஆபத்து.

தோல் வழியாகப் போனால் கதை வேறு. எஸ்ட்ராடியோல் மிகச் சிறிய மூலக்கூறு, எடை 272 டால்டன்தான் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு இது). கொழுப்பில் எளிதில் கரையும். தோலின் மேலடுக்கைத் தாண்ட இந்த இரண்டு குணங்களும் வேண்டும். 5,800 டால்டன் கொண்ட இன்சுலினை இப்படி ஒட்டிக்கொள்ள முடியாது. பேட்ச்சோ ஜெல்லோ ஸ்பிரேயோ, மருந்து தோலின் நுண்குழாய்களில் இறங்கி, இதயத்துக்குப் போய், உடல் முழுவதும் பரவுகிறது. கல்லீரலுக்கும் அது வரும், ஆனால் மற்ற உறுப்புகளுக்குக் கிடைக்கும் அதே செறிவில்தான். சினைப்பை சுரந்த காலத்திலும் கல்லீரலுக்கு அப்படித்தான் கிடைத்தது.

இந்த வேறுபாடு ஆய்வுகளில் தெரிகிறதா? பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி வாய்ப்பு சிகிச்சையே எடுக்காதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. பேட்ச், ஜெல் பயன்படுத்தியவர்களுக்குக் கூடவில்லை. 2019-ல் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளில் 80,000-க்கும் மேற்பட்ட ரத்தக்கட்டி நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், மாத்திரையால் கூடிய வாய்ப்பு 58 சதவீதம். தோல்வழி மருந்தில் அங்கும் கூடவில்லை. ஐம்பதுகளில் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு ரத்தக்கட்டி வருவதே அரிது என்பதால், அரிதான ஒன்று சில மடங்கு கூடினாலும் எண்ணிக்கை சிறியதே. பலருக்கு மாத்திரை முழுக்கச் சரியான தேர்வுதான். ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், குடும்பத்தில் ரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்கள், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவர்கள் என்றால் மருத்துவர் பேட்ச் பக்கம் போவார்.

கல்லீரலின் கைவண்ணம் இன்னும் சில இடங்களில் தெரியும். மாத்திரை எடுக்கும்போது தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் கூடுகிறது. எனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். பாலின ஹார்மோன்களைப் பிடிக்கும் புரதமும் கூடி, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். நன்மையும் உண்டு: எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மாத்திரையில்தான் அதிகம் குறைகிறது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன இரண்டும் ரத்தக்கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் பின்னோக்கி ஒப்பிட்ட ஆய்வுகள். குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரை, மறு பாதிக்குப் பேட்ச் என்று கொடுத்து, ரத்தக்கட்டியை எண்ணும் அளவுக்குப் பெரிய சோதனை நடக்கவில்லை. எஸ்ட்ராடியோல் காப்புரிமை தீர்ந்த பழைய மூலக்கூறு, எந்த நிறுவனமும் அதற்குப் பெரும் பணம் போட விரும்பாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் அரசுப் பணம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனிதகுலத்தில் பாதிப்பேர் கடந்து போகும் ஒரு மாற்றத்துக்கு இத்தனை குறைவாக ஆராய்ச்சி நடப்பது நியாயமே இல்லை.

அரசுப் பணத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு: 1991-ல் அமெரிக்காவில் தொடங்கிய விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ். 2002 ஜூலையில் அதன் ஒரு பகுதியை இடையிலேயே நிறுத்தி, மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி எல்லாம் கூடுகின்றன என்று அறிவித்தார்கள். உலகெங்கும் பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். எண்களைப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 பெண்களில் மார்பகப் புற்று 30-லிருந்து 38 ஆனது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, அதாவது பெரும்பாலோர் மெனோபாஸைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆனவர்கள். கொடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும். கருப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்று கூடவில்லை, நீண்டகாலக் கண்காணிப்பில் குறைந்தே இருந்தது. ஒரு வயதினருக்கு, ஒரு மருந்துச் சேர்க்கைக்குக் கிடைத்த முடிவை எல்லா வயதினருக்கும் எல்லா மருந்துக்கும் நீட்டியது பெரிய அநீதி.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லக்கூடாது. பேட்ச் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகலாம், மார்பகத்தைச் சுற்றிப் போக முடியாது. அங்கே முக்கியம் உடன் தரும் புரோஜெஸ்டிரோன் வகையும் எத்தனை ஆண்டுகள் என்பதும். கேப்ஸ்யூலில் வரும் நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் பழைய செயற்கை வகைகளைவிடச் சாதகமாகத் தெரிகிறது. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக நன்மையே மேலோங்குகிறது. மார்பகப் புற்று வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உடல் முழுதும் பரவும் ஹார்மோன் சிகிச்சை பொதுவாகக் கிடையாது. வெப்பத் தாக்குதலுக்கு மட்டும் ஹார்மோன் இல்லாத வழி ஒன்று வந்திருக்கிறது. முன்னே சொன்ன நியூரோகைனின் பி அமரும் ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினடன்ட், 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும்.

"இயற்கை ஹார்மோன்" என்று விற்கப்படும் காட்டு வள்ளிக்கிழங்கு (வைல்ட் யாம்) கிரீம்களையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கிழங்குவகையில் டயோஸ்ஜெனின் என்ற வேதிப்பொருள் இருப்பது உண்மை. 1940-களில் வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் அதிலிருந்துதான் ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி மனித உடலில் இல்லை. கிரீமை எவ்வளவு பூசினாலும் புரோஜெஸ்டிரோன் ஆகாது. அதை நம்பி ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கும் பெண்ணின் கருப்பைக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால் இது வெறும் பண நஷ்டத்தோடு முடிவதில்லை.

கடைசியாக, கூச்சத்தால் பலர் கேட்காமலேயே விட்டுவிடும் வகை: பிறப்புறுப்பில் மட்டும் வைக்கும் ஈஸ்ட்ரோஜன். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள சுவர் மெலிகிறது, நன்மை செய்யும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியா குறைகிறது, அமிலத்தன்மை போய்விடுகிறது. எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று அது வெளிப்படும். இதற்குக் கிரீம், வளையம், சிறு மாத்திரை உண்டு. 10 மைக்ரோகிராம் மாத்திரையை வாரம் இருமுறை வைத்தால், ஓராண்டு முழுவதற்கும் சேர்ந்து ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் ஆகிறது, விழுங்கும் மாத்திரை ஒன்றின் அளவு. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதில்லை என்றே சொல்லலாம், எனவே துணைக்குப் புரோஜெஸ்டிரோனும் தேவையில்லை. இத்தனை சிறிய அளவுக்கும் பக்கவாதம், புற்றுநோய் என்று பெட்டி கட்டி அச்சிடும் அதே கடும் எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சிட வைத்திருந்தது. 2025 நவம்பரில்தான் அதை நீக்கும் அறிவிப்பு வந்தது. வெப்பத் தாக்குதல்கள் பலருக்குச் சில ஆண்டுகளில் தாமாகவே தணியும். இந்த வறட்சி தணியாது, காலம் போகப் போகக் கூடும். அதனால் மற்ற ஹார்மோன்களை நிறுத்திய பிறகும் இதை மட்டும் தொடர்வது வழக்கமே.