நறுக்கெண்: ‘ஹாஷ்’ மதிப்புக்குத் தமிழ்ச் சொல்

ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் குறுகிய அடையாள எண்தான் ‘ஹாஷ்’ மதிப்பு. ‘ஹாஷ்’ என்ற ஆங்கிலச் சொல், நறுக்குதலைக் குறிக்கும் ‘ஆஷே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. மலாயில் ‘சின்சாங்’ என்பதும் இதே பொருளில்தான். தமிழில் சிலர் ‘மறையாக்கம்’ என்கிறார்கள், அது பிழை. மறையாக்கியதைத் திறவுகோலால் மீட்கலாம். ஹாஷ் மதிப்பிலிருந்து கோப்பை மீட்க முடியாது. ‘நறுக்கெண்’ என்பதே பொருத்தம். செய்தி எழுதிய சிறு ஓலைத் துண்டையும் நாம் நறுக்கு என்றே சொல்லி வந்திருக்கிறோம்.

கோப்பு எவ்வளவு பெரிதானாலும், கணக்கிடும் முறை ஒன்றே என்றால் நறுக்கெண்ணின் நீளம் மாறாது: எம்டி5 முறை என்றால் 32 குறிகள் (இலக்கங்களும் a முதல் f வரையான எழுத்துகளும்), ஷா-1 என்றால் 40, ஷா-256 என்றால் 64. உள்ளடக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் மாறாது.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் வாங்கிய சாதாரண மடிக்கணினியிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கும். பெரும்பாலானவை விண்டோசுடனோ செயலிகளுடனோ வந்தவை. கணினியில் தடயம் தேடும் ஆய்வாளர் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தொகுக்கும் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகப் பட்டியலோடு நறுக்கெண்களை ஒப்பிட்டு, பொருந்தியவற்றை ஒதுக்கிவிடுகிறார். ஆனால் பட்டியலில் உள்ள ‘அறிந்த கோப்பு’ என்றால் ‘நல்ல கோப்பு’ என்று பொருளில்லை. ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த மென்பொருளைச் சேர்ந்தது என்று பார்க்காமல் ஒதுக்கினால் தேடிய தடயமே போய்விடும்.

எம்டி5 உடைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நறுக்கெண் கொண்ட இரு கோப்புகளைத் திட்டமிட்டு உருவாக்கலாம். எம்டி5-க்கு 2004-லும் ஷா-1-க்கு 2017-லும் செய்து காட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கோப்பொன்றின் எண்ணுக்கு ஒத்த வேறொரு கோப்பைச் செய்வது நடைமுறையில் இன்றும் எட்டாதது. ஆகவே பழைய எம்டி5 பட்டியல் பயனற்றதன்று; புதிய வேலைக்கு ஷா-256 எடுப்பதே சரி.

ஒரு கோப்பின் எண் பட்டியலோடு பொருந்தாமல் போகப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும்: இடையில் வந்த புதுப்பிப்பு, அரைகுறைப் பதிவிறக்கம், உரைக் கோப்பில் வரிமுடிவுக் குறி மாறியது. சுருக்கிக் கட்டிய ‘சிப்’ (zip) பொதியின் எண்ணை உள்ளிருக்கும் கோப்பின் எண்ணோடு ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பட்டியல் பெரிய எழுத்திலும் கருவி சிறிய எழுத்திலும் எண்ணைத் தந்தால், இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். வெற்றுக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நறுக்கெண்தான். அவற்றை முதலிலேயே விலக்குங்கள். நூலகப் பட்டியல் காலாண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், எந்தப் பதிப்போடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.