மத்திக் கருவாட்டில் ஏன் சிக்கு வாடை?

காசிமேட்டில் வாங்கிய மத்திக் கருவாடு இரண்டே மாதத்தில் பழைய எண்ணெய்போல வாடை அடித்தது. ஈரம் ஏறிவிட்டதென்று நினைத்து மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வாடை கூடியதுதான் மிச்சம். அதே நாளில் வாங்கிய சுறாக் கருவாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. (அதன் அம்மோனியா நெடி யூரியாவால் வருவது, அது வேறு கதை.)

சுறா தன் கொழுப்பைப் பெரும்பாலும் ஈரலில் வைத்திருக்கும். குடலெடுக்கும்போதே அது போய்விடும். மத்திக்குக் கொழுப்பு சதையிலேயே ஊறிக் கிடக்கிறது. உப்பும் வெயிலும் தண்ணீரைப் பறித்து பாக்டீரியாவை அடக்கும். கொழுப்பைக் கெடுக்கும் ஆக்சிஜனை அடக்க அவற்றால் முடியாது. உப்பு இந்தக் காரியத்தில் எதிரிக்குத்தான் உதவுகிறது.

மீன் கொழுப்பிலுள்ள டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 அமிலத்தில் 6 இரட்டைப் பிணைப்புகள். இரண்டு பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும். வெளிச்சமோ சூடோ இரத்தத்தின் இரும்போ அதை உருவிவிட்டால், அங்கே ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிய வேகத்தில் பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது அடுத்ததைப் பிடுங்கும். இந்தச் சங்கிலியில் பிறக்கும் ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடையே கிடையாது; அது உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகும்போதுதான் நாறுகிறது. மூக்குக்கு எட்டும்போது காரியம் கைமீறியிருக்கும். வயிற்றுப் பக்கம் துருப்பிடித்ததுபோலப் பழுப்பேறுவதும் இதே ஆல்டிஹைடுகள் புரதத்தோடு சேர்வதால்தான்.

ஆகவே, காயப்போடும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். செவுளையும் குடலையும் எடுத்து, இரத்தம் போகக் கழுவினால் இரும்பு குறையும். மீன்தூள் ஆலைகளில் வைட்டமின் ஈ போன்றவற்றைக் கலக்கிறார்கள்; அது தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். சங்கிலி நீண்டபின் கொட்டினால் பயனில்லை. இந்த வினை வெப்பத்தையும் வெளியிடுவதால், கப்பலில் குவித்த மீன்தூள் தானே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. அதனாலேயே சரக்கு விதிகள் இத்தகைய காப்புப் பொருளைக் கேட்கின்றன.

மொறுமொறுவென்று காய்ந்தால் நல்லது என்பதும் தவறு. கடைசித் துளி நீரும் போனால் கொழுப்பின்மேல் இருந்த மெல்லிய நீர்ப்படலம் விலகி, ஆக்சிஜனுக்கு வழி திறக்கும்.

இப்போது மத்தியைக் காற்றுப் புகாத பையில் அழுத்திக் கட்டி, ஃப்ரீசரில் வைக்கிறேன். வினை அங்கும் நிற்காது, மெதுவாகும். ஐஸ்கிரீமில் கருவாட்டு மணம் என்று வீட்டில் புகார். சுறா மட்டும் பழைய டப்பாவில், பரண்மேல்.