இரண்டு தகடு, நடுவில் நுரை: சாண்ட்விச் பேனல் எப்படிப் பாரம் தாங்குகிறது?

அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைக் கையாலேயே வளைத்துவிடலாம். தெர்மாகோலை நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாம். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே 10 செ.மீ. தெர்மாகோலை வைத்து நன்றாக ஒட்டிவிட்டால், ஆள் ஏறி நடக்கக்கூடிய கூரைப் பலகை கிடைக்கிறது. இதுதான் சாண்ட்விச் பேனல். நடுவில் பாலியூரித்தேன் நுரை இருந்தால் பஃப் பேனல் என்பார்கள். குளிர்பதனக் கிடங்குகளிலும் தொழிற்கூடக் கூரைகளிலும் பல காலமாக இருக்கும் சரக்குதான். இப்போது குறைந்த செலவில் வீடு கட்ட நினைப்பவர்களின் பேச்சிலும் அடிபடுகிறது.

ஒரு பலகையை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் பாரம் ஏற்றுங்கள். மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு இரண்டு தொல்லையும் அதிகம் இல்லை. திடமான பலகையில் நடுவே இருக்கும் பொருள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. அதை எடுத்து விளிம்புக்குத் தள்ளியதுதான் ‘ஐ’ வடிவ இரும்பு உத்தரம். சாண்ட்விச் பேனல் அதே யோசனையை நீளம் அகலம் முழுக்க விரித்துப் போட்டிருக்கிறது.

கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரு தகட்டை இரண்டு மெல்லிய தகடுகளாகப் பிரித்து, பழைய தகட்டின் தடிமன் அளவுக்கே நடுவில் எடை குறைந்த பொருளை வைத்தால், மொத்தத் தடிமன் இரண்டு மடங்காகும். விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, 7 மடங்காகும். இடைவெளியை இன்னும் கூட்டி மொத்தத் தடிமனை நான்கு மடங்காக்கினால், விறைப்பு 37 மடங்கு. இரும்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை, தூரம்தான் கூடியது. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் உள்ளே இருக்கும் நுரை கொஞ்சம் நெளிந்து கொடுப்பதால் இந்த அளவு முழுசாகக் கைக்கு வராது. வருகிற அளவே போதும். 1940-இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் மோஸ்கிட்டோ போர் விமானத்தின் உடம்பே பால்சா என்ற மிக லேசான மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் மெல்லிய பிளைவுட் ஒட்டிச் செய்ததுதான்.

சரி, நடுவில் இருக்கும் நுரைக்கு என்ன வேலை? ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதால் சுலபமாக வளைகிறது. அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிக் காயவைத்தால் பலகை மாதிரி நிற்கும். பேனலிலும் மேல்தகடும் கீழ்த்தகடும் எதிரெதிராக நழுவப் பார்க்கின்றன. அதைத் தடுப்பதுதான் நுரையின் வேலை. ஆகவே தகடும் நுரையும் சேரும் இடத்தில் ஒட்டு பிரிந்துவிட்டால், நுரை இருந்தும் பயனில்லை.

தொழிற்சாலையில் இதற்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையைக் கவனிக்க வேண்டும். பாலியூரித்தேனைத் திரவமாகத் தகட்டின்மேல் ஊற்றுகிறார்கள். அது பொங்கி மேல்தகட்டைத் தொட்டு, இறுகும்போது தானே ஒட்டிக்கொள்கிறது. ராக் வுல் எனப்படும் பாறை இழைப் பஞ்சு அப்படிப் பொங்காது. அதன் இழைகள் படுக்கைவாட்டில் கிடப்பதால், அப்படியே ஒட்டினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அதனால் பஞ்சுப் பாளங்களைப் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஒருக்களித்துத் திருப்பி, இழைகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து ஒட்டுகிறார்கள். பேனல் வாங்கும்போது நம்மாட்கள் தகட்டின் பெயின்டைத்தான் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவது மேல். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் சட்டென்று மாறும்.

இனி செலவு. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் பேனல் எப்போதும் செங்கலைவிட மலிவு என்று சொல்லிவிட முடியாது. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 10 செ.மீ. தெர்மாகோல் பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவைத் தாண்டும். சுவர் லேசானால் அஸ்திவாரமும் தூண்களும் சிறியதாகும். நில அதிர்வு தரும் விசை கட்டடத்தின் நிறையைப் பொறுத்தது என்பதால் அதிலும் லாபம். தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தக் காத்திருக்க வேண்டாம், பூச்சு வேலை வேண்டாம், சில நாளில் சுவர் எழும்பிவிடும். ஆனால் எடை இல்லாத வீட்டைப் புயல்காற்று தூக்கப் பார்க்கும். கூரையைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் இறுக்கிக் கட்டும் போல்ட்டுகளில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

வெப்பத்தைத் தடுப்பதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் காற்றாலான தெர்மாகோல் கெட்டிக்காரன். மேலே சொன்ன அந்த 10 செ.மீ. பேனல், ஒன்பது அங்குலச் சுவரைவிட எட்டு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் செங்கல் பகல் வெப்பத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். பேனலுக்கு அந்தக் கொள்ளளவு இல்லை. ஜன்னல் வழியே வெயில் நேராக உள்ளே விழுந்தால் பேனல் வீடு சீக்கிரம் சூடாகிவிடும். ஜன்னலுக்கு மேலே நல்ல நிழல் தேவை. அப்புறம், லேசான சுவர் சத்தத்தையும் சுமாராகத்தான் தடுக்கும்.

வெயிலில் இன்னொன்றும் நடக்கிறது. வெளித்தகடு உள்தகட்டைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளத்தில் அது சுமார் 2 மி.மீ. கூடுதலாக நீளும். உள்தகடு நீளாது, இரண்டும் ஒட்டியிருக்கின்றன. விளைவு, பேனல் வெளிப்பக்கமாகப் புடைக்கிறது, நடுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். மாலையில் பழைய நிலைக்குத் திரும்பும். தினமும் நடக்கும் இந்த அசைவை இணைப்புகள் தாங்க வேண்டும். மழைநீர் உள்ளே புகும் பேனல் வீடுகளில் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் குடியிருப்பில் எரிந்த தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த மெல்லிய அலுமினியப் பலகைகளின் நடுவே பாலிஎத்திலீன் என்ற எரியக்கூடிய பிளாஸ்டிக் இருந்தது. தீ மளமளவென்று மேலேறியதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. அது முகப்பு அலங்காரப் பலகை, நாம் பேசும் சுவர்ப் பலகை வேறு. ஆனாலும் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். தெர்மாகோல் 100 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். பாலியூரித்தேன் எரியும். ராக் வுல் எரியாது, ஆனால் எடையும் விலையும் கூடுதல். சமையலறைச் சுவருக்கும் மாடிப்படிக்கும் ராக் வுல்லைத்தான் நான் சொல்வேன்.

வீட்டுக்கு என்றே பார்த்தால் எனக்குப் பிடித்தது இரும்புத் தகடே இல்லாத வகை. தெர்மாகோல் பலகையின் இருபுறமும் கம்பி வலை, இரண்டு வலைகளையும் நுரையைத் துளைத்து இணைக்கும் குறுக்குக் கம்பிகள். நிறுத்தியபின் இருபுறமும் கான்கிரீட்டைப் பீய்ச்சுகிறார்கள். இங்கே கான்கிரீட்தான் தகடு. நழுவலைத் தடுப்பதில் குறுக்குக் கம்பிகளுக்குப் பெரிய பங்கு. பார்வைக்குச் சாதாரணச் சுவர்தான், தட்டினாலும் கெட்டியாக இருக்கும், தீயும் நுரையை நேரடியாகத் தொடாது. எடை கூடும், ஆள் வேலையும் கூடும்.

எந்த வகையானாலும், ஒயர் போகும் குழாய்களையும் அலமாரி மாட்டும் இடங்களையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். நுரையில் திருகாணி பிடிக்காது. மாட்டும் இடத்தில் மரக்கட்டையோ இரும்புப் பட்டையோ உள்ளே வைத்தே பேனலைச் செய்து தருவார்கள். பிறகு ஓட்டை போட்டு இறுக்கினால் மெல்லிய தகடு குழிந்து, ஒட்டு அங்கேதான் முதலில் விடும்.