முகாமிலிருந்து மலைநாட்டுக்குத் திரும்பும் குடும்பம்: முதலில் எந்தப் பத்திரம்?

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கைக்குத் திரும்புகிறவர்கள் என்றாலே யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு, தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, பிறகு அங்கிருந்தும் படகேறி மண்டபத்தில் இறங்கிய மலையகக் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று இன்று திரும்பி வந்தால், லிந்துலையோ பொகவந்தலாவையோ பசறையோ, சொந்தக்காரர் இருக்கும் தோட்டத்தைத்தான் தேடி வரும். வந்தவுடன் வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று நாலு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், முதல் ஓட்டம் பிள்ளையின் பிரஜாவுரிமைக்குத்தான். மற்றதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் முட்டும்.

இந்தியாவில் பிறந்த பிள்ளையிடம் அந்த ஊர் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ் இருக்கும். பிள்ளை எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். இலங்கைப் பிரஜை என்பதற்கு அது போதாது. பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் ஆட்பதிவுத் திணைக்களம் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்கும். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு, வேலை, கடவுச்சீட்டு என்று ஒன்றும் நகராது.

சரி, அந்தச் சான்றிதழை எப்படி எடுப்பது? இங்கேதான் மலையகக் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல். பிள்ளை பிறந்த நாளில் தகப்பனோ தாயோ இலங்கைப் பிரஜையாக இருந்தாரா என்று முதலில் பாருங்கள். இருந்தார் என்றால் வழி நேரானது. பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இருக்கும்போதே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதியலாம். இங்கே வந்துவிட்டால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது சட்டம். பிந்தினாலும் பதியலாம், அதற்குக் கட்டணம் உண்டு. முன்பெல்லாம் தகப்பன் வழியாகத்தான் இந்த உரிமை வரும். 2003இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தாய் வழியாகவும் வருகிறது.

பெற்றோர் அந்த நாளில் நாடற்றவர்களாக, அதாவது எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல், இருந்திருந்தால் கதை வேறு. மலையகத் தமிழரிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த பிரஜாவுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஆனால் ‘நிரந்தரமாக வசித்த’ என்ற நிபந்தனையால், உயிருக்குப் பயந்து கடல் கடந்தவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காகத்தான் 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. நாட்டை விட்டுப் போனதால் உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதை நம்பித் திரும்பிப் போய்விடாதீர்கள், 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள். மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக் கப்பலேறியவர்களை இதோடு போட்டுக் குழப்பவும் கூடாது. அவர்கள் இந்தியப் பிரஜைகளாகவே போனவர்கள். இந்தத் திருத்தம் அவர்களுக்கானதல்ல.

சட்டத்தை விட அதிகமாக ஆளை அலைக்கழிப்பது பெயர். தகப்பன் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் ‘முனியாண்டி’, சிங்களத்தில் எழுதியிருக்கும். முகாம் அட்டையில் ‘எம். முனியாண்டி’. பிள்ளையின் சான்றிதழில் ‘முனியண்டி’. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது மூன்று ஆள். பத்தரமுல்லைக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இந்தப் பெயர்களில் இருப்பவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் பிறப்பத்தாட்சியும் விவாகப் பதிவும் கட்டாயம் கையில் வேண்டும். பெற்றோரின் பிறப்புப் பிரதியை அவர்கள் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். தோட்டத்தின் பெயரோடு அதன் உட்பிரிவான டிவிசனின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு காலம் கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்று வழி இருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்களும், பதுளையில் பண்டாரவளை, அப்புத்தளை, பசறை போன்றவையும் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. விண்ணப்பத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. “தமிழ் போம் முடிஞ்சு போச்சு” என்றால், எப்போது வரும் என்று கேளுங்கள்.

பத்திரம் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், அதிபரிடம் நிலைமையைச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு, இங்கே சாதாரண தரப் பரீட்சை 11ஆம் தரத்தில். பாடத்திட்டமும் வேறு, சிங்களமும் புதிது. 14, 15 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரம், ஒரு வகுப்பு கீழே போட்டாலும் பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம அலுவலரும், தோட்டத்தில் ‘துரை’ எனப்படும் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்துவார்கள். சொந்தக்காரரின் லயக் காம்பராவில் (தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையில்) ஒண்டியிருப்பவரின் பெயர் தோட்டத்துப் பதிவில் இருக்காது, அதனால் துரை கையெழுத்துப் போடத் தயங்கலாம். கிராம அலுவலரிடமும் வதிவைச் சொல்லி வைத்து, வாக்காளர் இடாப்பிலும் பெயரைச் சேர்த்துக்கொண்டால் பின்னால் பேச ஓர் ஆதாரம் இருக்கும். வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும உதவிக்கும் அடையாள அட்டை இலக்கம் வேண்டும். 2025இல் அதன் மாதக் கொடுப்பனவு, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய்.

வீட்டு விஷயத்தில் வாக்குறுதி எதுவும் தர முடியாது. லயக் காம்பரா தோட்ட வேலையோடு ஒட்டியது. வடக்கில் திரும்பியவருக்குப் பழைய காணி என்று கேட்க ஏதாவது இருக்கலாம். தோட்டத்தை விட்டுப் போனவருக்கு அதுகூட இல்லை.

இன்னும் முகாமில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயணப் பத்திரமும் இந்திய அரசின் வெளியேறும் அனுமதியும் இல்லாமல் கிளம்பாதீர்கள், திரும்பப் படகு ஏறவே வேண்டாம். எல்லாம் ஒழுங்காக முடித்து வந்தாலும், அன்று கடவுச்சீட்டு இல்லாமல் இந்தியாவுக்குப் போனதைப் பற்றி இங்கே கேள்வி வரலாம். 2025 மே மாதம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு முதியவர் இதற்காகவே கைதானார். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் பத்திர வேலைக்கு உதவுகிறது. பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலேயே பதிந்துவிட்டு விமானம் ஏறினால், இங்கே பத்தரமுல்லை அலைச்சல் பாதி குறையும். இங்கே வந்த பிறகு இலவசச் சட்ட ஆலோசனைக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு, எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.